பெயரை வாடகைக்கு விட்ட கல்லூரிகள்

ஸ்காபரோவில் ஒரு அந்தியேட்டிச் சாப்பாடு. மண்டப வாசலுக்குக் கிட்ட இருந்த மேசையில், சோறு முடிந்து பாயாசக் கோப்பை கைக்கு வந்த நேரம், கதை வழமைபோல நாட்டு நடப்புக்குத் திரும்பியது. "உவங்கள் வந்துதான் எல்லாம் நாசமாப் போச்சு" என்றார் ஒருவர். உவங்கள் என்றால் ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாணவர் விசாவில் இந்தியாவிலிருந்து வந்த பொடியள். கொலிச் கெட்டது, வாடகை ஏறினது, பிள்ளையளுக்குப் பகுதிநேர வேலை இல்லாமல் போனது, பஸ்ஸில் நிற்க இடமில்லாதது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே விடை. பக்கத்தில் இருந்தவர் பலமாகத் தலையாட்டினார். தன் வீட்டுப் பேஸ்மென்டை நாலு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர் அவர்.

அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது எங்கள் மேசையில் பிறந்த கதை இல்லை. ஆங்கில வானொலி, பத்திரிகை, பாராளுமன்றம் எல்லா இடமும் இதே பாட்டுத்தான். தமிழில் வரும்போது காரம் கொஞ்சம் கூடுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று கட்டிய சமூகக் கல்லூரிகளுக்குள், படிக்க மனமில்லாமல் பேப்பர் எடுக்கவே வந்தவர்கள் புகுந்தார்களாம், இடத்தைப் பிடித்தார்களாம், தரத்தைக் கெடுத்தார்களாம், இப்போது அரசு குழாயைப் பூட்டிவிட்டதால் இனி எல்லாம் சரிவருமாம். நானும் கொஞ்சக் காலம் இதைப் பாதி நம்பினேன். பிறகு கணக்கைப் பார்த்தேன்.

ஒன்ராறியோவில் சமூகக் கல்லூரிகளுக்கான சட்டம் வந்தது 1965இல். அவற்றில் முதலாவதாகத் திறந்தது எங்கள் ஊரில்தான்: 1966இல், ஸ்காபரோவில், சென்ரெனியல் கல்லூரி. பல்கலைக்கழகம் எட்டாதவனுக்கும், வேலை போய் வேறு தொழில் பழக வேண்டியவனுக்கும், வந்திறங்கி ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறவனுக்கும் என்று கட்டிய வாசல் அது. என் தலைமுறையில் எத்தனை பேர் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் அந்த வகுப்புகளில் போய் இருந்திருப்போம்! கணக்கியல், கணினி, தாதி உதவியாளர் என்று அங்கே எடுத்த ஒரு துண்டுக் கடதாசியால் வீடு வாங்கியவர்கள் அன்றைக்கு அந்த மேசையிலும் இருந்தார்கள். ஆகவே கொலிச் கெட்டுப்போனது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆர் கெடுத்தது என்பதில்தான் பிணக்கு.

முதலில் காசு. ஒன்ராறியோ அரசே அமைத்த நிபுணர் குழு ஒன்று 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 2021-22இல் முழுநேரக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இந்த மாகாணம் கொடுத்த மானியம் 6,891 டொலர். கனடாவின் மற்ற மாகாணங்களின் சராசரி 15,615 டொலர். பாதிகூட இல்லை, 44 வீதம். இது போதாதென்று 2019இல் அரசு உள்ளூர் மாணவரின் கட்டணத்தை 10 வீதம் வெட்டி, வெட்டிய இடத்திலேயே உறையவைத்தது. கட்டணம் குறைந்தால் நல்லதுதானே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். குறைந்த காசுக்கு ஆர் ஈடு செய்வது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அரசு ஈடு செய்யவில்லை. மின்சாரக் கட்டணமும் ஆசிரியர் சம்பளமும் உறையவில்லை.

கல்லூரிகளுக்கு ஒரேயொரு கதவு திறந்திருந்தது. வெளிநாட்டு மாணவரின் கட்டணத்துக்கு அந்தப் பூட்டு இல்லை. அதற்குள்ளால் எவ்வளவு பாய்ந்தது என்பதை மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் 2021 டிசம்பர் அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறார். 2012-13க்கும் 2020-21க்கும் இடையில் வெளிநாட்டு மாணவர் தொகை 342 வீதம் ஏறியது. தலை எண்ணிக்கையில் அவர்கள் 30 வீதம்; கல்லூரிகளுக்கு வந்த கட்டணக் காசில் அவர்களுடைய பங்கு 68 வீதம், 1.7 பில்லியன் டொலர். அவர்களில் 62 வீதத்தினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அதே காலத்தில் உள்ளூர் மாணவர் தொகை 15 வீதம் இறங்கியது.

மேசையில் கேட்ட கதையை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளையளின் கதிரையை அவர்கள் பறித்தார்கள் என்றால், கதிரைக்கு ஆள் குறைந்துகொண்டு போன காலத்திலா பறித்தார்கள்? உள்ளூர்ப் பிள்ளை வருடத்துக்கு மூவாயிரம் டொலரளவில் கட்டிப் படித்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த வெளிநாட்டுப் பிள்ளை அதைப்போல நாலு மடங்குக்கு மேல் கட்டியது. அந்த வகுப்பறையின் விளக்கு எரிந்தது, ஆய்வுகூடத்துக்குச் சாமான் வந்தது, ஆசிரியருக்குச் சம்பளம் போனது, பெரும்பாலும் அந்த இரண்டாவது பிள்ளையின் தகப்பன் ஈடுவைத்த வயலால். கொலிச்சைச் சுரண்ட வந்தவன் என்று நாங்கள் சொல்கிறவனைத்தான் கொலிச் சுரண்டிக்கொண்டிருந்தது.

கல்லூரிகள் பாவம், வேறு வழியில்லாமல் செய்தன என்று சொல்லி முடித்துவிடவும் மாட்டேன். பசிக்குச் சாப்பிடத் தொடங்கிய சிலதுகள் பிறகு ருசிக்குச் சாப்பிட்டன. கிச்சினரில் இருக்கும் கொனெஸ்டோகா கல்லூரியின் பெயரில் 2023இல் மட்டும் 30,000க்கு மேற்பட்ட மாணவர் அனுமதிகள் கொடுபட்டன. அந்தக் கல்லூரி 2023-24 நிதியாண்டை 252 மில்லியன் டொலர் மிச்சத்தோடு முடித்தது. ஒரு சமூகக் கல்லூரிக்கு என்னத்துக்கு ஐயா கால் பில்லியன் மிச்சம்?

எனக்கு ஆகவும் கசக்கிறது இந்த வியாபாரத்துக்கு வைத்த பெயர். கல்விக் கூட்டு என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னர் வேறு பொருள் இருந்தது. 1990களில் கனடிய அபிவிருத்தி முகவரகத்தின் காசில், இங்குள்ள சமூகக் கல்லூரிகளின் சங்கம் இந்தியப் பொலிரெக்னிக்குகளோடு ஒரு திட்டம் நடத்தியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. கல்லூரி ஆசிரியர்கள் இங்கிருந்து அங்கே போனார்கள், அங்கிருந்து இங்கே வந்தார்கள். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைக்கு என்ன தெரிந்த ஆள் தேவை என்று எப்படிக் கேட்டறிவது, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு எப்படி நடத்துவது, பெண்களை எப்படிப் பட்டறைக்குள் கொண்டுவருவது என்பதெல்லாம் பேச்சு. அத்திட்டத்தின் ஆங்கில எழுத்துச் சுருக்கம் தமிழ்நாட்டுப் பொலிரெக்னிக்குகள் சிலவற்றின் பகுதிநேர வகுப்புப் பெயர்களில் பிறகும் நீண்டகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன், விமானச் சீட்டுக்கும் அறிக்கைக்கும் போன காசும் இருந்திருக்கும். ஆனால் காசு இங்கிருந்து அங்கே போனது, கல்வியும் கூடப் போனது.

பிறகு வந்த கூட்டு எப்படி என்றால், வடக்கே இருக்கும் ஒரு பொதுக் கல்லூரி தன் பெயரை ரொறன்ரோப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றுக்குக் கொடுக்கும். பாடத்திட்டமும் சான்றிதழும் பொதுக் கல்லூரியுடையது. கட்டடம், ஆசிரியர், வகுப்பு எல்லாம் தனியாருடையது. கட்டணத்தை இரண்டு பேரும் பிரித்துக்கொள்வார்கள். ரிம்மின்ஸ் நகரத்து நோர்தேர்ன் கல்லூரிக்கு எழுநூறு கிலோமீற்றர் தெற்கே, ஸ்காபரோவில் ஒரு பங்காளி. சட்பெரிக் கல்லூரிக்கு, நோர்த் பே கல்லூரிக்கு, சார்னியாக் கல்லூரிக்கு, எல்லாருக்கும் ரொறன்ரோப் பக்கம் ஒவ்வொரு பங்காளி இருந்தது. கனடாவுக்கு வெளியே ஒரு அடி வைக்காத கூட்டு இது. மாணவன் மட்டும்தான் வெளிநாடு.

இது பிழை என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததா? 2017இலேயே டேவிட் டிரிக் என்பவர் மாகாண அரசு கேட்டுக்கொண்டபடி இந்தக் கூட்டுகளை ஆராய்ந்து, இவற்றை மூடிக்கொண்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அன்றைய லிபரல் அரசு புதிதாகத் தொடங்கத் தடை போட்டது. 2018இல் வந்த கொன்சர்வேட்டிவ் அரசு 2019இல், சொந்த வளாகத்து வெளிநாட்டு மாணவரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பங்காளியிடம் சேர்க்கக் கூடாது என்று ஒரு எல்லை வைத்துத் தடையை எடுத்தது. அந்த எல்லையையும் சில கல்லூரிகள் தாண்டின. கணக்காய்வாளர் எழுதினார், ஒன்றும் நடக்கவில்லை. மானியத்தைக் கூட்டச் சொல்லிக் கல்லூரிகள் வாசலில் வந்து நிற்காதவரைக்கும் அரசுக்கு இந்த ஏற்பாடு வசதி.

நான் அறிந்த ஒரு தம்பியின் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். கடிதத்தின் தலையில் தூர வடக்கில் இருக்கும் ஒரு கல்லூரியின் சின்னம், பச்சைமரம் ஏரி என்று நல்ல வடிவான படம். கீழே சின்ன எழுத்தில் வகுப்பு நடக்கும் இடம்: ஸ்காபரோவில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. எனக்கு அந்தக் கட்டடம் தெரியும். கீழே பல் வைத்தியர், பக்கத்தில் வருமான வரி நிரப்புகிற கடை. கிழமையில் இரண்டரை நாள் வகுப்பு. ஒரு வருடச் சான்றிதழ் இரண்டை அடுத்தடுத்துச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் படித்தால்தான் மூன்று வருட வேலை அனுமதி கிடைக்கும் என்பது விதி, அதற்காக. இரண்டாவது சான்றிதழில் பாதி, முதலாவதில் படித்ததுதானாம்.

"காலேஜ் எங்க இருக்குன்னே நான் பார்த்ததில்லைண்ணா. லோகோவ மட்டும்தான் பார்த்திருக்கேன்" என்றான்.

அவனை அனுப்பிய முகவர் அவனுடைய தகப்பனிடம் கட்டணம் பெரிதாக ஒன்றும் வாங்கவில்லையாம். நல்ல மனுசன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த நல்ல மனுசனுக்குக் காசு கல்லூரியிலிருந்து வந்தது. 2020-21இல் ஒன்ராறியோவின் பொதுக் கல்லூரிகள் முகவர்களுக்குக் கொடுத்த தரகு 100 மில்லியன் டொலருக்கு மேல் என்கிறது கணக்காய்வு அறிக்கை. ஆக, பிள்ளை பிடித்துக் கொடுத்தவனுக்குச் சம்பளம் பிள்ளையின் கட்டணத்திலிருந்தே. ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகன்கூட இதைவிட வெளிச்சமாகத் துண்டுக்குள் விரல் பிடிப்பான்.

இப்போது பொய்க்கு வருவோம். அவர்கள் பொய்க் கடிதத்தில் வந்தவர்கள் என்பதுதான் மேசையின் பெரிய ஆயுதம். 2023இல் ஒரு முகவர் கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதங்களால் பல இந்திய மாணவர்கள் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தது உண்மை. நாடுகடத்தலை நிறுத்திவைத்து மத்திய அரசு ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தது. பார்த்து முடித்த 103 பேரில் 63 பேர் ஏமாற்றப்பட்ட உண்மையான மாணவர்கள், 40 பேர் அப்படியில்லை. அந்த 40 பேருக்காக நான் வழக்காடவில்லை. 63 பேருக்காக எங்கள் மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அதே வருடம் கோடையில் நோர்தேர்ன் கல்லூரி, தன் ஸ்காபரோப் பங்காளியிடம் சேரவிருந்த 500க்கு மேற்பட்டோரின் அனுமதியை, பலர் விசாவும் விமானச் சீட்டும் எடுத்த பிறகு ரத்துச் செய்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடப் பேருக்கு விசா கிடைத்துவிட்டதாம்! அந்தக் கடிதங்கள் போலி இல்லை. பொதுக் கல்லூரி தன் கையால் எழுதி, தன் கையால் கிழித்தவை.

பொய்யைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்க உரிமை இருக்கிறதா என்றும் யோசிக்க வேணும். 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாண்டுக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள், மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது பிறகு தெரிந்தது. அன்றைக்குப் பொய்யர்கள், வரிசையைத் தாண்டி வந்தவர்கள், இவர்களைத் திருப்பி அனுப்பு என்று எழுந்த சத்தம் எங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 2010இல் சன் சீ கப்பல் 492 பேரோடு வந்தபோதும் அதே சத்தம்தான். யுத்தத்தில் ஓடி வந்தவனும் வேலை தேடி வந்தவனும் ஒன்றில்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 1986இல் சொன்ன பொய்க்கு நியாயம் இருந்தது என்று இன்றும் நம்புகிறவன் நான். ஆனால் பிள்ளையின் வழி அடைபட்ட வீட்டில் தகப்பன் எந்தக் கதவையும் தட்டுவான் என்பது மற்றவர்களுக்கு விளங்காவிட்டாலும் எங்களுக்கு விளங்கியிருக்க வேணும். 2024இன் முதல் ஒன்பது மாதங்களில் மாணவராக வந்த 13,000க்கு மேற்பட்டோர் அகதி விண்ணப்பம் போட்டார்கள் என்று செய்தி வந்தபோது, எங்கள் ஆட்கள்தான் முகப்புத்தகத்தில் முதலில் சிரித்தார்கள். அகதிச் சட்டத்தால் வாழ்ந்த சனம்.

வீட்டு வாடகை விஷயத்தில் எதிர்த் தரப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2023இல் மட்டும் கனடாவின் சனத்தொகை 12 லட்சத்துக்கு மேல் கூடியது. வீடு கட்டாமல் ஆளைக் கூப்பிட்டால் வாடகை ஏறும். கூப்பிட்டவர் ஆர்? சேர்க்கைக் கடிதம் கல்லூரியுடையது, கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் தகுதியைக் கொடுத்தது மாகாணம், விசாவில் முத்திரை குத்தியது ஒட்டாவா. மூன்று கையெழுத்திலும் அந்தப் பட்டுக்கோட்டைத் தம்பியின் கையெழுத்து இல்லை. ஏறின வாடகை அவனுடைய சட்டைப்பையிலிருந்து எங்கள் சட்டைப்பைக்குத்தான் வந்தது. ஜன்னல் உயரம் ஒரு முழமில்லாத பேஸ்மென்டில் நாலு மெத்தை போட்டு, தலைக்கு அறுநூறு, ரசீது கிடையாது, குளிர்காலத்தில் சூடேற்றி பத்து மணிக்குப் பிறகு கூட்டக் கூடாது. உவங்களால் வாடகை ஏறிப்போச்சு என்று தலையாட்டியவருக்கு மாதம் 2,400 டொலர்.

ஆட்கள் வேலைக்குத் தேவையென்று நினைத்தவரைக்கும் அரசுக்கும் அவர்கள் இனித்தார்கள். மாணவர் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்ற விதியை 2022 நவம்பரில் ஒட்டாவா தானே தற்காலிகமாக எடுத்துவிட்டது. காரணமாகச் சொன்னது ஆள் பற்றாக்குறை. படிக்க வந்தவனை முழுநேரம் வேலை செய் என்று அரசே சொல்லிவிட்டு, இவன் வேலைக்குத்தான் வந்தான், படிக்க வரவில்லை என்று குற்றம் சாட்டுவது என்ன நீதி? 2024 ஜனவரி 22ஆம் திகதி குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்தார், அந்த வருடத்துக்கு ஏறத்தாழ 3,60,000 என்று. சில தனியார் கல்லூரிகளை, நாய்க்குட்டிகளைத் தொகையாகப் பெருக்கி விற்கிற பண்ணைகளோடு ஒப்பிட்டுப் பேசியவரும் அவர்தான். பண்ணைக்கு விசா கொடுத்தது எந்த அமைச்சு என்று அவர் சொல்லவில்லை.

உச்சவரம்பே கூடாது என்பது என் கட்சியில்லை. வரம்பு வேணும், அது பத்து வருடம் முந்தியே வந்திருக்க வேணும், மானியத்தை உயர்த்திக்கொண்டு படிப்படியாக வந்திருக்க வேணும். காசைக் கொடுக்காமல் குழாயை மட்டும் பூட்டினார்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள். செனெகா கல்லூரி தன் மார்க்கம் வளாகத்தை மூடியது. அல்கொன்குவின் தன் பேர்த் வளாகத்தை மூடுவதாக அறிவித்தது. எங்கள் சென்ரெனியல் 2025 தொடக்கத்தில் 49 பாடநெறிகளுக்குப் புது ஆள் எடுப்பதை நிறுத்துவதாகச் சொன்னது. அந்த வருட நடுவில் மாகாணம் முழுதும் 600க்கு மேற்பட்ட பாடநெறிகள் போய், ஏறத்தாழ 10,000 கல்லூரி ஊழியரின் வேலை போனதாகக் கணக்கு வெளிவந்தது. உவங்களை அனுப்பினால் எங்கள் பிள்ளையளுக்கு இடம் கிடைக்கும் என்றார்களே, இடம்தான் முதலில் போனது. என் உறவில் ஒரு பிள்ளை, இங்கே பிறந்தது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கலைத்துறைப் பாடநெறி ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தது. கல்லூரியிலிருந்து மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. நெறி இடைநிறுத்தப்பட்டுள்ளது, வேறொன்றைத் தெரிவு செய்யவும். அந்தப் பிள்ளை படிக்கவிருந்த வகுப்பறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தவனைத்தான் நாங்கள் திட்டி அனுப்பினோம்.

பேஸ்மென்ட்காரருக்கும் இப்போது இரண்டு மெத்தை காலி. தெரிந்த பொடியள் ஆராவது இருந்தால் சொல்லச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது.

பட்டுக்கோட்டைத் தம்பிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. விதி மாறுவதற்கு முந்திச் சேர்ந்தவன் என்பதால் வேலை அனுமதியும் கிடைத்தது. ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. போன மாசியில் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, தன் கல்லூரியைப் பார்க்க அரைநாள் பஸ் ஏறி வடக்கே போய் வந்தான். படம் காட்டினான். இடுப்பளவு பனி, அதற்குள் பாதி புதைந்த பெயர்ப்பலகை, பக்கத்தில் கையுறை போடாத கையால் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு அவன். சிரிக்க முயன்றிருக்கிறான், குளிருக்கு முகம் இடம் கொடுக்கவில்லை. காவலாளி வெளியே வந்து என்ன வேணும் என்று கேட்டாராம்.

"இங்க படிச்ச ஸ்டூடன்ட்னு சொன்னேன்ணா. எந்த பில்டிங்னு கேட்டாரு."

அம்மாவுக்கு அனுப்ப இன்னொரு படம் எடுக்க வேண்டியிருந்தது, முதலாவதில் பலகையின் பெயர் தெரியவில்லை. அதையும் அந்தக் காவலாளிதான், பலகைப் பனியைக் கையால் தட்டிவிட்டு, எடுத்துக் கொடுத்திருக்கிறார்.